டெல்டாவில் பொறியியல் படித்துக்கொண்டே ஆராய்ச்சிக்குள் நுழைவது எப்படி?

கேள்வி கேட்டிருக்கும் தம்பிக்கு மன்னார்குடி பக்கம். பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறார், வீட்டில் முதல் பட்டதாரி. கல்லூரி விவரப் புத்தகத்தில் ஆய்வு மையம் என்று போட்டிருக்கிறது, ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை, எனக்கு ஆராய்ச்சியில் ஆசை இருக்கிறது, இங்கேயே இருந்து தொடங்க முடியுமா அல்லது சென்னைக்கோ ஐஐடிக்கோ போனால்தான் உண்டா என்று கேட்கிறார். இந்தக் கேள்வியை வருடத்துக்குப் பத்து பேராவது என்னிடம் நேரில் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. கும்பகோணம் பக்கத்து ஊர்க்காரன், இருபது வருடத்துக்கு மேல் பொறியியல் கல்லூரிகளில் பாடம் நடத்தியவன், வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் பிஎச்டி முடித்து இப்போது சில பேருக்கு கைடாக இருக்கிறேன்.

முதலில் அந்த "ஆய்வு மையம்" என்ற பெயர்ப் பலகையைப் பார்ப்போம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் ஊர்க் கல்லூரிகளில் ஒரே பெயரில் நாலு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழகம் ஒரு துறையை ஆய்வு மையமாக அங்கீகரிப்பது. இதற்குப் பொருள், அந்தத் துறையில் இருக்கும் அங்கீகாரம் பெற்ற கைடுகளிடம் பிஎச்டிக்குப் பதிவு செய்யலாம் என்பதுதான், தனிக் கட்டடமோ தனிக் கருவியோ இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் நீங்கள் பார்க்கும் "ஆய்வு மையம்" பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டாவது, ஒரு பேராசிரியர் மத்திய அரசிடமோ மாநில அரசிடமோ திட்ட நிதி வாங்கி, அந்தப் பணத்தில் கருவி வாங்கி ஆள் வைத்து நடத்தும் லேப். இது மூன்று வருடம் ஓகோ என்று நடக்கும், நிதி முடிந்ததும் அடுத்த திட்டம் கிடைத்தால் தொடரும், இல்லாவிட்டால் தூங்கிவிடும். மூன்றாவது, ஏதாவது நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு வைக்கும் "சிறப்பு மையம்". இவற்றில் பல, மென்பொருளும் இயந்திரமும் கற்றுத்தரும் பயிற்சிக் கூடங்கள். வேலைக்கு நல்லது, ஆராய்ச்சி வேறு. நான்காவதுதான் பல்கலைக்கழகமே நிரந்தரப் பதவிகளோடு நடத்தும் உண்மையான மையங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகங்களில் படிக வளர்ப்பு மையம், தொலையுணர்வு நிறுவனம், நீர்வளத்துக்கான மையம், கடல் மேலாண்மைக்கான நிறுவனம், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் ஏயு-கேபிசி மையம் என்று வரிசையாக இருக்கின்றன. உறுப்புக் கல்லூரி, அதாவது பல்கலைக்கழகமே நடத்தும் கல்லூரியின் மாணவர் என்றால் நீங்களும் அதே பல்கலைக்கழகத்துப் பிள்ளைதான், அந்த வாசலில் போய் நிற்க உங்களுக்குத் தயக்கமே வேண்டாம்.

சரி, உங்கள் கல்லூரியில் இருப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துறைத் தலைவரிடம் கேட்டால் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொல்வார். நேராக லேபுக்குப் போய் லேப் அசிஸ்டென்டிடம் பேச்சுக் கொடுங்கள். கருவிக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு நூலில் கட்டித் தொங்கும், தேதி, பெயர், எத்தனை மணிக்கு ஆரம்பித்தார்கள், எத்தனை மணிக்கு முடித்தார்கள் என்று. அந்தப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். போன வாரத் தேதி இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியோடு நின்றிருந்தால் அந்தக் கருவி விருந்தாளிக்குக் காட்டத்தான். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் பல லட்சம் கொடுத்து வாங்கிய ஒரு கருவி, அறைக்கு ஏசி வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மூன்று வருடம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது, அதற்குள் உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். அந்த மூன்று வருடத்தில் எத்தனை பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்காமலே படிப்பை முடித்துப் போனார்கள்!

உங்கள் கல்லூரியில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தாலும் மனம் தளர வேண்டாம், டெல்டாவுக்குள் ஒன்றிரண்டு பஸ் ஏறினால் போதும் என்ற தூரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதே இல்லை. திருச்சி பக்கம் துவாக்குடியில் என்ஐடி இருக்கிறது, 1964ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003ல் என்ஐடி ஆனது, உலோகவியல், உற்பத்தி, எரிசக்தி என்று பல வழிகளில் அங்கே வேலை நடக்கிறது. தஞ்சாவூர் பக்கம் திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம், அங்கே நானோ தொழில்நுட்பத்துக்கும் உயிரிப் பொருள்களுக்கும் தனி மையம். திருச்சியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பிஐடி வளாகம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1929ல் தொடங்கியது, அதன் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே இருக்கிறது. வேளாண் பொறியியலுக்குக் குமுளூர். மீன்வளப் பொறியியலுக்கு நாகப்பட்டினம். நெல்லுக்கு ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம், 1922லிருந்து. மண்ணுக்கும் நீருக்கும் தஞ்சாவூர் காட்டுத்தோட்டம். வாழைக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் திருச்சியில். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் காரைக்குடியில் சிக்ரி, மின்வேதியியலில் நாட்டிலேயே முக்கியமான இடம், பேட்டரி, அரிமானம் என்று ஆர்வம் இருந்தால் அதை விடவே கூடாது.

தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் எப்படிப் பிறக்க வேண்டுமோ அப்படிப் பிறந்தது அது. 1967ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சின்ன லேபாக ஆரம்பித்தார்கள். குறுவை அறுவடை சரியாக மழைக்காலத்தில் வந்து விழுகிறது, ஈர நெல் குவியலாகக் கிடந்து சூடேறி முளை விடுகிறது, அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அவர்கள் கண்முன் இருந்த பிரச்சினை. பிறகு அது நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு வந்து, பயிர் பதன நிறுவனம், உணவு பதன நிறுவனம் என்று பெயர்கள் மாறி, 2021லிருந்து நிஃப்டெம் தஞ்சாவூர். இன்றைக்கு உணவை முப்பரிமாணத்தில் அச்சிடும் இயந்திரம் வரை அங்கே உண்டு. எல்லாம் திருவாரூரில் நனைந்த நெல்லில் இருந்து வந்தது.

அதே நனைந்த நெல்தான் என்னிடம் படித்த ஒரு பெண்ணையும் ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தது. நன்னிலம் பக்கம் ஊர், உங்களைப் போலவே எலெக்ட்ரானிக்ஸ். இறுதி ஆண்டு புராஜெக்டுக்கு முகத்தை அடையாளம் கண்டு கதவைத் திறக்கும் பெட்டி செய்யப்போவதாக வந்தார். அந்த வருடம் மட்டும் அதே பெட்டியோடு வந்தவர்களில் அவர் நான்காவது ஆள். வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அப்பா நாலு நாளாகக் கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு படுத்திருக்கிறார் சார், மிஷின்ல ஈரம் 19 காட்டுது, எடுக்க மாட்டேங்கறாங்க, ஆனா அப்பா கடிச்சுப் பார்த்துட்டு காஞ்சிடுச்சுங்கறார் என்றார். யார் சொல்றது சரின்னு பார்த்துட்டியாம்மா என்று கேட்டேன். அவர் புராஜெக்ட் அந்த இடத்தில் மாறியது.

நேரடிக் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீத ஈரம் வரைதான் எடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், மழை பிடித்த வருடங்களில் தளர்த்தச் சொல்லி மனுப் போவதும் மத்தியக் குழு வந்து மாதிரி எடுப்பதும் தெரியும். அந்த எண்ணைச் சொல்லும் கருவி எப்படி வேலை செய்கிறது? கிண்ணத்தில் நெல்லைக் கொட்டினால் சில நொடியில் காட்டும். பெரும்பாலான கருவிகளில் அந்தக் கிண்ணம் ஒரு மின்தேக்கி, இரண்டு தகடுகளுக்கு நடுவே நெல் இருக்கிறது. மின்னூட்டத்தைத் தேக்க ஒரு பொருள் எவ்வளவு உதவும் என்று சொல்லும் எண்தான் டைஎலெக்ட்ரிக் மாறிலி, தண்ணீருக்கு அது 80க்கு அருகில், காய்ந்த தானியத்துக்கு அது ஒற்றை இலக்கம். அதனால் ஈரம் கூடினால் மின்தேக்குத் திறன் கூடும், அதைக் கருவி சதவீதமாக மாற்றிக் காட்டும். உங்கள் இரண்டாம் ஆண்டுப் பாடம்தான். ஆனால் அந்த மாற்றம் நெல் எவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, ஈரம் உள்ளே இருக்கிறதா உமிமேல் பனியாக இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. ஆடுதுறை 37 குண்டு நெல், ஆடுதுறை 43 சன்னம், இரண்டும் கிண்ணத்தில் ஒரே மாதிரி அடங்காது, இடையில் நிற்கும் காற்றின் அளவு வேறு.

அந்தப் பெண் செய்தது இவ்வளவுதான். மூன்று ரக நெல்லைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் விடியற்காலையிலும் மதியத்திலும் கருவியில் அளந்தார். அதே மாதிரியை உலர் அடுப்பில் 105 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்து மறுபடி எடை போட்டார். 100 கிராம் போட்டு 83 கிராம் திரும்பி வந்தால் ஈரம் 17 என்று அர்த்தம், இதில் வாதத்துக்கு இடமில்லை. இரண்டு எண்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். பனி படிந்த நெல்லில் கருவி கூடுதலாகக் காட்டியது, ரகத்துக்கு ரகம் வித்தியாசம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. அப்பா சொன்னதும் முழுக்கச் சரியில்லை, பல்லுக்கு மேல்பகுதிதான் தெரிகிறது, உள்ளே இன்னும் ஈரம் இருந்தது. பிறகு கிண்ணத்தின் அடியில் ஒரு வெப்பநிலை சென்சாரும் எடை பார்க்கும் லோட் செல்லும் வைத்து, ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் திருத்தம் செய்துகொள்ளும் சின்னச் சுற்று ஒன்றைச் செய்தார். செலவு சில ஆயிரம்தான். அந்தத் தாளை, கறை படிந்த அதே தாளை, நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப் போனார், ஒரு மத்திய அரசு ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது, இப்போது பிஎச்டி செய்கிறார். கதவைத் திறக்கும் பெட்டியோடு போயிருந்தால் அங்கே பேசுவதற்கு அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது.

தம்பி, நான் சொல்ல வந்தது இதைத்தான். மையத்தைத் தேடிப் போவதற்கு முன்னால் கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும், அந்தக் கேள்வி உங்கள் ஊரில் கிடக்கிறது. சென்னைப் பிள்ளைக்கு நெல்லின் ஈரம் ஒரு பாடப்புத்தகச் சொல், உங்களுக்கு அது வீட்டு வருமானம். எந்த நேரத்தில் பனி படியும், எந்த ரகம் எப்படிக் காயும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நெல்லோடு முடிந்துவிடவில்லை. கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன, பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் இருட்டு. எந்தக் கம்பம் நடுவில் முறிந்தது, எது வேரோடு பிடுங்கிக்கொண்டது, மண் எப்படி இருந்தது என்பது சிவில்காரருக்கும் எலெக்ட்ரிக்கல்காரருக்கும் சேர்ந்த கேள்வி. நாகை மாவட்டத்தில் கடல்நீர் உள்ளே ஏறிக் கிணறு உப்பாவது, கடைமடைக்கு எவ்வளவு தண்ணீர் நிஜமாகப் போய்ச் சேருகிறது என்று வாய்க்கால் மதகில் அளப்பது, லோ வோல்டேஜில் போர் மோட்டார் காயில் எரிவது, மழையில் டயர் வைத்த அறுவடை இயந்திரம் வயலில் இறங்க முடியாமல் பெல்ட் வண்டிக்கு வரிசையில் நிற்பது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி, அதை எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, சிமெண்டுக்கும் போகும் ரப்பருக்கும் போகும், ஆனால் எந்த வெப்பத்தில் எரித்தால் நல்ல சிலிக்கா வரும் என்பதில் வேலை இருக்கிறது, அரிசி ஆலை வாசலில் அது மலையாகக் கிடக்கிறது. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் காவிரி வண்டல் மண்ணைத்தான் மெழுகின் மேல் பூசுகிறார்கள், அந்த மண் ஏன் வெடிக்காமல் வெண்கலத்தின் சூட்டைத் தாங்குகிறது என்று உலோகவியல் படிக்கும் ஒருவர் ஸ்தபதி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாதம் பார்த்தால் போதும். தஞ்சாவூர் வீணையின் பலாக்கட்டையில் ஒலி எப்படிப் பரவுகிறது என்பதை உங்களைப் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் ஆள் ஒரு மைக்கும் லேப்டாப்பும் வைத்து அளக்கலாம்.

இப்போது பணத்துக்கும் வழிக்கும் வருவோம்.

இளங்கலையில் இருக்கும்போதே, தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் இறுதி ஆண்டு மாணவர் புராஜெக்டுகளுக்கு வருடா வருடம் நிதி தருகிறது. தொகை சிறியது, ஆனால் அந்த விண்ணப்பத்தை எழுதும்போதுதான் என்ன செய்யப்போகிறேன், ஏன், எவ்வளவு செலவு என்று முதல் முறையாகத் தெளிவாக எழுதிப் பழகுவீர்கள். விண்ணப்பம் துறை வழியாகப் போக வேண்டும், அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது பெரும்பாலும் கடைசித் தேதி நெருங்கியிருக்கும், அதனால் மூன்றாம் ஆண்டிலேயே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழக மாணவர் என்றால் அங்குள்ள தொழில்நுட்ப மேம்பாட்டு, பரிமாற்ற மையத்தில் மாணவர் புதுமைத் திட்டங்களுக்கான உதவி பற்றியும் கேளுங்கள்.

கோடை விடுமுறைக்கு, மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, நாட்டின் நல்ல லேப் எதிலாவது இரண்டு மாதம் வேலை செய்யலாம். ஐஐடி மெட்ராஸும் தனியாக நடத்துகிறது. இதற்கெல்லாம் கோடையில் யோசித்தால் நேரம் தாண்டிவிடும், பொங்கலுக்கு முன்பே கவனிக்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் நமக்கெல்லாம் கிடைக்காது என்று விண்ணப்பிப்பதே இல்லை. ஒரு பக்கத்தில் என்ன செய்யப் போகிறேன் என்று எழுதச் சொல்வார்கள், அங்கே உங்கள் ஊர்ப் பிரச்சினையை எழுதுங்கள், எனக்குத் தெரிந்து அது கவனிக்கப்படாமல் போனதில்லை.

படிப்பு முடிந்த பிறகான வழிக்குக் கேட் தேர்வு, பொறியியல் முதுகலைக்கான தேசிய அளவுத் தேர்வு. நல்ல மதிப்பெண் இருந்தால் முதுகலையில் மாதம் 12,400 ரூபாய் கிடைக்கும். திட்டங்களில் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வாளர் ஆகச் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை ஆய்வாளர் ஆனதும் 42,000, இது 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் அளவு, வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 70,000த்தில் ஆரம்பிக்கும், போட்டி கடுமை. ஆராய்ச்சிக்குப் போனால் சம்பாத்தியம் இல்லை என்று வீட்டில் சொல்வார்கள், இந்தக் கணக்கை அப்பாவிடம் தாளில் எழுதிக் காட்டுங்கள். இந்த ஊரில் எஞ்சினியருக்கு முதல் வேலையில் எவ்வளவு தருகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், உதவித்தொகை பல சமயம் மாதா மாதம் வராது, நாலைந்து மாதம் சேர்ந்து வரும், கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும்.

பிஎச்டி என்றால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2022 விதி, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு வருடம் தருகிறார்கள், மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு. நாலு வருடப் பட்டத்தில் 75 சதவீதம் இருந்தால் நேரடியாகவே சேரலாம் என்றும் அந்த விதி சொல்கிறது, ஆனால் பொறியியலில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் நிபந்தனையை வைத்திருக்கும், அறிவிப்பை வரிக்கு வரி படியுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை. ஒரு பேராசிரியர் எட்டு பேர், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம், அதனால் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கைடைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவசரமே கூடாது, மூன்று நாலு வருடம் ஒரே ஆளோடு வாழ வேண்டிய விஷயம் இது. ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் முழுதாகக் கிடைக்கும், இலவசம்தான், இரண்டையாவது எடுத்துப் படியுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்ச்சி இருக்கிறதா, இல்லை ஒருவர் சிமெண்ட், அடுத்தவர் வைஃபை, அதற்கடுத்தவர் பங்குச் சந்தை என்று ஓடுகிறதா? பதிவு செய்த வருடத்தையும் முடித்த வருடத்தையும் கழித்துப் பாருங்கள். அப்புறம் அவரிடம் இப்போது இருக்கும் ஸ்காலர் ஒருவரை டீக்கடைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்ப் பேசுங்கள். சார் பேப்பரைத் திருத்தித் தர எத்தனை நாள் ஆகும் என்று ஒரு கேள்வி போதும். ஒரு வாரம் என்றால் நல்ல கைடு. ஸ்காலர் பதில் சொல்லாமல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தால் நீங்களும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். ஸ்காலரை வங்கிக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்புகிறவர்களிடம் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

புராஜெக்ட் விற்கும் கடைகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஜனவரி பிறந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கம் நோட்டீஸ் கொடுப்பார்கள், பணம் கட்டினால் கருவி, அறிக்கை, வைவாவுக்கான கேள்வி பதில் எல்லாம் பையில் போட்டுக் கொடுப்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். நாலு வருடத்தில் நீங்களாக ஒன்றைச் செய்து, தோற்று, மறுபடி செய்து பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அது, அதையும் விலைக்கு வாங்கினால் கையில் என்ன மிஞ்சும்? அதே மாதிரிதான் மூன்று நாளில் பேப்பர் போட்டுத்தருகிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பும் சஞ்சிகைகள். நேர்மையான சஞ்சிகையில் மதிப்பீட்டுக்கே மாதக்கணக்கில் ஆகும். பணம் கட்டிய பேப்பர் விவரப்பட்டியலில் ஒரு வரி கூட்டும், பிறகு நல்ல லேபில் நேர்முகத்தில் அமர்ந்தால் அந்த ஒரு வரியே உங்களைக் கவிழ்க்கும். நம்பகமான சஞ்சிகைகள் என்று யூஜிசி வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025ல் நிறுத்திவிட்டார்கள், இனி எது நல்ல சஞ்சிகை என்று நாமேதான் பார்க்க வேண்டும், உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் ஆட்கள் எங்கே எழுதுகிறார்களோ அங்கே பாருங்கள்.

படிக்கக் கட்டுரைகள் கிடைக்காது என்ற பழைய குறை இப்போது அரசுக் கல்லூரிகளில் பெருமளவு தீர்ந்திருக்கிறது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 2025 ஜனவரி முதல் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகள் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா, நுழைவு எப்படி என்று நூலகரைக் கேளுங்கள், தெரியவில்லை என்றால் அவரையும் சேர்த்துக்கொண்டு முதல்வரிடம் போங்கள். கருவி இல்லையென்றால் ஐ-ஸ்டெம் என்ற அரசு இணையதளத்தில் நாட்டில் எந்த நிறுவனத்தில் என்ன கருவி இருக்கிறது, வெளியாருக்கு எவ்வளவு கட்டணம் என்று பார்த்துப் பதிவு செய்யலாம். ஒரு மாதிரியைப் பொட்டலம் கட்டித் தூதஞ்சலில் அனுப்பினால் படம் மின்னஞ்சலில் வந்துவிடும். என் பிஎச்டிக்கு ஒரே ஒரு எக்ஸ்ரே அளவீட்டுக்காக ராத்திரி ரயிலில் சென்னை போய் நாள் முழுக்க வாசலில் காத்திருந்துவிட்டு அதே ராத்திரி திரும்பியிருக்கிறேன், அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஐஐடிக்குப் போக வேண்டுமா என்ற கேள்வி பாக்கி. கிடைத்தால் போங்கள், தாராளமாக. அங்கே கிடைக்கும் சக மாணவர்களும் கருவிகளும் இங்கே கிடைக்காது, அதில் ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதுகலைக்கோ பிஎச்டிக்கோ அங்கே போகிற ஆள் இங்கே இளங்கலையிலேயே ஒரு விஷயத்தைத் தோண்டிப் பார்த்தவராக இருந்தால்தான் அங்கே போய் மூச்சு முட்டாமல் நிற்க முடியும்.

இப்போது உங்களிடம் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. இந்த வாரம் துறையில் யாராவது ஓர் இளம் உதவிப் பேராசிரியரைப் போய்ப் பாருங்கள், பிஎச்டி முடித்து ஐந்து வருடத்துக்குள் இருப்பவர் என்றால் நல்லது, அவருக்கும் மாணவர்கள் தேவை. சார் எனக்கு ஒரு புராஜெக்ட் குடுங்க என்று போகாதீர்கள், சார் எங்க ஊர்ல இது இப்படி நடக்குது, ஏன்னு தெரியல, அளந்து பார்க்கலாமா என்று போங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தேதி போட்டு, பேனாவில், அடித்தாலும் படிக்கத் தெரியும்படி ஒரே கோடாக அடித்து எழுதுங்கள். குறுவை அறுப்பு வரும்போது மன்னார்குடி பக்கத்துக் கொள்முதல் நிலையம் எதற்காவது காலை ஆறு மணிக்கே போய், நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். கேட்டதையெல்லாம் அந்த நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். என்ன எழுதினீர்கள் என்று இங்கேயே கீழே போடுங்கள், அடுத்து எந்த லேபுக்குப் போகலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.